லிந்துலை மிஷினுக்குப் புத்தகம் தேடியது

மதர்போர்டுக்குப் புத்தகம் தேடி அலைகிறவன் என்று ஹட்டன் பசாரில் ஒரு காலத்தில் எனக்குப் பெயர். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். படிப்பித்தது பாதி, பழுது பார்த்தது பாதி. கொழும்பு ஆபீஸ்கள் கழித்துவிட்ட மிஷின்கள்தான் மலைக்கு ஏறி வரும். வரும்போது மூடி இருக்காது, திருகாணி இருக்காது, அதோடு வந்திருக்க வேண்டிய புத்தகம் கட்டாயம் இருக்காது.

மலையில் மிஷினுக்கு முதல் எதிரி ஈரம். வைரஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான். நாலு நாள் தொடர்ந்து பனி இறங்கினால் மெமரி கார்டின் பொன் நிறக் கம்பிகளில் மங்கல் பிடித்துவிடும். மிஷின் விடாமல் கூவும். கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஃபேனுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மாட்டினால் மறுபடி ஓடும். மழைக் காலத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்பது வாட் பல்பு ஒன்றை எரியவிட்டு வைப்போம், கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரி. இதையெல்லாம் நான் யாரிடமும் படிக்கவில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்தத் திமிர்தான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். அவனுக்கு ஒரு பழைய மிஷினைக் கொழும்பில் பார்த்து எடுத்துக் கொடுத்தது நான்தான். அவன் அதைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் முன் திண்ணையில், இஸ்தோப்பில், பலகை அடித்து மறைத்த ஒரு மூலையில் வைத்து, கலியாணக் கார்டும் கோயில் திருவிழா நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்தான். அடித்ததை ஃப்ளாப்பியில் எடுத்துப்போய்த் தலவாக்கலையில் ஒரு பிரஸ்காரரிடம் கொடுப்பான். அவர் அச்சுப் போடுவார்.

உண்மையில் அடித்தது அவன் மனைவி. தமிழ் எழுத்துகளின் இடம் அவள் விரலுக்குத்தான் பிடிபட்டது. அவன் இரண்டு விரலால் கொத்திக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு பக்கத்தை முடித்துவிடுவாள். காலையில் மிஷினைத் திறந்து விடுவது மட்டும் அவன் வேலை. லயத்துப் பிள்ளைகள் புகுந்து சீட்டு விளையாடுகிறார்கள் என்று, சுவிட்ச் போட்டதுமே பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி அவன் செய்து வைத்திருந்தான். அதை எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

தீபாவளிக்கு முன்னால் அவனுக்கு மஞ்சக்காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான், அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

கருமாதி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். மாமியார் அடுப்படியில் இருந்தார். அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“அண்ணே, இது பாஸ்வேர்டு கேக்குது. அவரு தொறந்து வுடுவாரு, நா அடிப்பேன். நானும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல.”

“அதுக்கென்ன தங்கச்சி, பாத்துக்கலாம்.”

“ஏஜன்சிக்காரன் வந்து வந்து போறான்ணே. குவைத்துல வீட்டு வேல. பாஸ்போட்டு எல்லாம் எங்கக்கா எடுத்து வச்சிருச்சு. தையில கார்டு வேல இருக்கு, பிரஸ்காரரு தாறேன்னு சொல்லிட்டாரு. அதுக்குள்ள மிஷின் தொறந்துருச்சுன்னா நா போக மாட்டேன். புள்ளய வுட்டுட்டு எங்கண்ணே போறது?”

தாலியறுத்தவள் கையால் கலியாணக் கார்டா என்று முணுமுணுத்தவர்கள் லயத்தில் இருந்தார்கள். பிரஸ்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு எழுத்துப் பிழை இல்லாமல் வந்தால் சரி. ஆக, அவள் பிள்ளையோடு இருப்பதா, இரண்டு வருசம் யாரோ ஒருவருடைய வீட்டில் கோப்பை கழுவுவதா என்பது அந்த மிஷின் திறப்பதில் இருந்தது. இது எனக்கு அன்றைக்கே தெளிவாகத் தெரியும். தெரியாது என்று சொல்ல வழியே இல்லை.

“நானும் என்னென்னமோ அடிச்சுப் பாத்துட்டேன்ணே. அவரு ஒருக்கா சிரிச்சிக்கிட்டே...” என்று அவள் ஏதோ சொல்ல வந்தாள்.

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “குருட்டாம்போக்குல அடிச்சு இதெல்லாம் தொறக்காது தங்கச்சி. இதுக்குன்னு ஒரு முறை இருக்கு. இந்த போர்டோட புத்தகம் மட்டும் கெடச்சா ஒரு நிமிச வேல.”

நான் சொன்னதில் பொய் இல்லை. இப்படியான பாஸ்வேர்ட் மதர்போர்டின் பேட்டரி தயவில்தான் உயிரோடு இருக்கும். வேறு மிஷினாக இருந்தால் பேட்டரியைக் கழற்றினால் மறந்துபோகும். இந்தப் போர்டில் பேட்டரி ஒரு கறுப்புச் சில்லுக்குள்ளேயே வைத்து அடைக்கப்பட்டிருந்தது. மிச்சமிருந்த ஒரே வழி ஜம்பர். இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடிக்கிற, பயற்றம்பருப்பு அளவு மூடி அது. அந்தப் போர்டில் இருபதுக்கு மேல் இருந்தன. ஒன்று பாஸ்வேர்டை அழிக்கும். இன்னொன்று மின்சாரத்தைக் கூட்டிப் பிராசசரைச் சுட்டுவிடும். எது எதுவென்று போர்டில் எழுதியிருக்கவில்லை. புத்தகத்தில்தான் இருக்கும். வேறு போர்டு வாங்கிப் போட அந்த வீட்டில் வசதி இல்லை. என் வீட்டிலும் இல்லை.

போர்டில் செய்தவன் பெயரும் இல்லை. சுவிட்ச் போட்டவுடன் திரையின் அடியில் ஒரு நீள எண் வந்து மறையும். அதன் கடைசி எழுத்துகளை வைத்து யார் செய்தது என்று பிடிக்கலாம். ஐந்தாறு தடவை போட்டு அணைத்து அதைக் குறித்துக்கொண்டேன். அவள் பக்கத்தில் நின்று, ஏதோ டாக்டர் நாடி பார்ப்பதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் கொழும்புக்குப் போனேன். மிஷின் வாங்கிய கடைக்காரர் சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார், புத்தகம் படிக்கிறவர்கள் இந்த மிஷினை எப்போதோ எறிந்துவிட்டார்களாம். இன்னும் சில கடைகளில் கேட்டேன். ஒருவர் ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்களைக் கொட்டிக் காட்டினார். தரையில் உட்கார்ந்து பகல் முழுவதும் புரட்டினேன். அந்தப் போர்டுடையது இல்லை. ஆனால் மற்றப் புத்தகங்களைப் பார்த்ததிலேயே எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பிறகு கண்டியில் ஒரு இன்டர்நெட் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் போய் இறங்குவேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற, என்னைப் போலவே வேலைவெட்டி இல்லாத ஆட்கள், செத்துப்போன போர்டுகளுக்கெல்லாம் படம் போட்டு, ஜம்பர் ஜம்பராக எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அது கோயில் கொடியேறினது போல இருந்தது. எங்கள் போர்டு எனக்குக் கிடைத்தும்விட்டது. ஃப்ளாப்பிகளில் பிரித்து ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு வந்து திறந்தால், மூன்றாவது ஃப்ளாப்பி கெட்டுப்போயிருந்தது. மறுபடி கண்டி. இந்தத் தடவை முழுதாகத் திறந்தது. ஆனால் படத்தில் அந்தக் கறுப்புச் சில்லு வேறு இடத்தில் இருந்தது. அதே போர்டு, வேறு வருசத்துப் பதிப்பு. ஜம்பர் எண்களெல்லாம் மாறியிருந்தன.

வகுப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் இரண்டு தடவை வேலை நாளிலும் கண்டிக்குப் போய்விட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார், “நீர் இஞ்சை வகுப்பெடுக்க வந்தனீரோ, புத்தகம் எடுக்க வந்தனீரோ?”

எனக்குக் கோபம் வந்தது. ஒரு விதவைக்கு உதவி செய்கிறவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று உள்ளுக்குள் குமுறினேன். அவர் கேட்டது சரியான கேள்விதான். அந்த விதவையைப் பார்க்க நான் ஒரு மாதமாகப் போயிருக்கவில்லை. கண்டிக்கு மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தேன்.

அவள் லிந்துலைக் கம்யூனிகேஷன் கடையிலிருந்து வகுப்புக்குப் போன் எடுப்பாள்.

“அண்ணே, கெடச்சிருச்சாண்ணே?”

“கிட்டத்துல வந்துட்டேன் தங்கச்சி. இன்னும் ஒரு வாரம்.”

“சரிண்ணே.”

ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. நான் படித்தவன், எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தாள். பொங்கல் போனது. பிரஸ்காரர் வைத்திருந்த கார்டு வேலையை, பாவம், அவரும் எத்தனை நாள் வைத்திருப்பார், வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். மாசியில் கோயில் நோட்டீஸ் வரும், அதற்குள் திறந்தால் போதும் என்று அவள் ஏஜன்சிக்காரனிடம் காய்ச்சல் என்று சொல்லித் தவணை வாங்கினாள். அதையும் போனில்தான் சொன்னாள். “அவனுக்கு நா சொல்றது பொய்யின்னு தெரியும்ணே. இதுக்கு மேல வச்சுக்க மாட்டான்.”

மாசியில் எனக்குச் சரியான புத்தகம் கிடைத்தது. வெளிநாட்டில் எவனோ ஒருவன், என் மின்னஞ்சலுக்கு இரங்கி, தன்னிடமிருந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பியிருந்தான். கறுப்புச் சில்லு சரியான இடத்தில் இருந்தது. ஜம்பர் சரியாக இருந்தது. கண்டிக் கடையில் எழுந்து நின்று கை தட்டியவன் நான். கடைப் பையன்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்குப் பின்னேரமே லிந்துலைக்குப் போயிருக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாப் பக்கத்தையும் அச்செடுத்தேன். ஹட்டனுக்குக் கொண்டுவந்து நூல் போட்டுத் தைத்தேன். வெளியே மழை, பசை காயவில்லை என்று காத்திருந்து, நீல நிறத்தில் அட்டையும் போட்டேன். இத்தனை பாடுபட்டுக் கிடைத்த புத்தகத்தைக் கசங்கிய தாளாகக் கொண்டுபோக மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு போகலாம் என்று இருந்தேன்.

ஞாயிறு போனேன். இஸ்தோப்பில் மாமியார் மட்டும் இருந்தார். மகள் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கெழம கூட்டிட்டுப் போயிட்டான் தம்பி,” என்றார். “ராத்திரியே பிளேன் ஏறிருச்சாம். புள்ள கேட்டுக் கேட்டு அழுதுட்டு இப்பதான் படுத்துச்சு.”

என் கையில் நீல அட்டைப் புத்தகம். மிஷினைக் காட்டி, “இத தொறக்கத்தான்மா வந்தேன்” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

“தொறங்க தம்பி. அவ திரும்பி வந்தா ஆகும்.”

வேறு எதுவும் செய்யத் தெரியாததால் மூடியைக் கழற்றினேன். பல்பு பெட்டிக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. போகும்போதுகூட அவள் அதை அணைக்காமல் போயிருக்கிறாள். புத்தகத்தைப் பிரித்து வைத்து ஜம்பரைத் தேடினேன். படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. கூட்டாளியின் அம்மா பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு வந்து பின்னால் நின்றார்.

“ஓயாம இதுகிட்டயேதான் தம்பி ஒக்காந்திருந்தா. ‘ஒனக்குத் தெரிஞ்ச பேருதான்’னு அவன் ஒருக்கா சிரிச்சிக்கிட்டுச் சொன்னானாம். புள்ள பேர அடிச்சா, அவ பேர அடிச்சா, எம் பேர, செத்துப்போன எங்க வீட்டுக்காரரு பேர, மாரியம்மா, முருகன்... எந்தப் பேரையும் வுடல.”

சொல்லிவிட்டு அவர் மகனை நினைத்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இப்படிச் செஞ்சிட்டுப் போயிட்டியே என்று அழத் தொடங்கினார்.

அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள் கேட்டபோது எனக்குக் கை நின்றுபோனது. ஜம்பரைத் தொடாமல் சுவிட்சைப் போட்டேன். பாஸ்வேர்ட் கேட்டது. என் கூட்டாளியின் பெயரை அடித்தேன். மிஷின் திறந்தது.

எங்கள் பெண்கள் புருசன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஊர் வட்டவளையில் டிஸ்பென்சரிக்குப் போனால், அப்பா பெயர் கேட்கும்போது எங்கள் அம்மா என் தோளை இடித்து, “சொல்லுடா” என்பார். நான் சொல்வேன். சின்ன வயது முழுக்க நான் பார்த்த வேலை அது. லிந்துலையில் வாக்காளர் பதிவுக்கு ஆள் வந்தபோது மருமகள் நிலைப்படியில் நின்று சிரிக்க, மாமியார்தான் மகன் பெயரைச் சொன்னார்; அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கிறவள்தான், புதுக் காலத்துப் பெண்தான். ஆனால் விரலால் அடிப்பதும் வாயால் சொல்வதும் அவளுக்கு ஒன்றுதான் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். நான் அலைந்த அலைச்சலில் நெய் மட்டுமா போனது, ஒரு பிள்ளைக்குத் தாய் போனாள்.

அன்றைக்கு அவள் சொல்ல வந்ததைச் சொல்ல விட்டிருந்தால் போதும். என்னென்ன பெயர் அடித்துப் பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். விட்டுப்போன பெயர் எதுவென்று எனக்கு உடனே தெரிந்திருக்கும். எனக்குக் கேட்க விருப்பமில்லை. எனக்குப் புத்தகம் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை லிந்துலைக்குப் போனேன். பெட்டியைக் கழற்றித் தூசி தட்டி, மெமரி கார்டைத் தேய்த்து, ஃபேனுக்கு எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பேன். பல்பு பீஸ் போனால் புதிது மாட்டுவேன். கூட்டாளியின் அம்மா என்னை நல்ல பிள்ளை என்று லயம் முழுவதும் சொல்லி வைத்திருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். அவள் வரும்போது மிஷின் ஓட வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு பரிகாரம் தெரியவில்லை. மகள் சில நாள் பக்கத்தில் வந்து நின்று, அம்மா இதுக்குள்ளேயா இருக்கு என்று கேட்பாள். நான் திருகாணியை முடுக்குவேன்.

வைகாசியில் அவளுடைய போன் வந்தது. முன்னாலேயே சொல்லிவிட்டு, கம்யூனிகேஷன் கடைக்கு எடுத்தாள். மாமியாரும் பிள்ளையும் பேசி முடித்த பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்தார்கள். அங்கே நல்ல சூடு என்றாள். வீட்டுக்காரர்கள் பரவாயில்லை என்றாள். பிறகு கேட்டாள்.

“மிஷின் தொறந்துருச்சுன்னு மாமி சொன்னாங்க. புத்தகத்த வச்சுத்தானே தொறந்தீங்க?”

அவளே எனக்கு ஒரு பொய்யை எடுத்து நீட்டினாள். ஆமாம், புத்தகத்தை வைத்து அழித்துவிட்டேன், அழித்தால் என்ன பாஸ்வேர்ட் என்று தெரியாது என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தொழில் தெரிந்த எவனும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அவளும் தான் போகாமலே இருந்திருக்கலாம் என்று தெரியாமல் இருப்பாள். என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

“இல்ல தங்கச்சி. பாஸ்வேர்ட அடிச்சுத்தான் தொறந்தேன்.”

“என்னண்ணே அது?”

நான் அவன் பெயரைச் சொன்னேன்.

மறுபக்கத்தில் எங்கோ ஒரு பிள்ளை அரபியில் கத்துவது கேட்டது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அத நா எப்படிண்ணே அடிச்சிருப்பேன்?”

அவள் அடித்திருக்க மாட்டாள். நான் அடித்திருக்கலாம். கருமாதி முடிந்து போன அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே, அவள் வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள்ளே அடித்திருக்கலாம்.